கன்னத்தில் வெள்ளித் தூள்

அத்தியாயம் 11

அன்று காலையும் குட்டியின் கன்னத்தில் அது இருந்தது.

இடது கன்னத்தில், காதோரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தீற்றல். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் மீன் செதில்போல மினுங்கியது. வேல்விழி முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தாள். சாம்பலும் வெள்ளியுமாக ஒரு கறை துணியில் ஏறியது.

எம். புதுப்பட்டியில் இருக்கிற எவருக்கும் அது என்னவென்று சொல்லித் தர வேண்டாம். அலுமினியத் தூள். பூச்சட்டிக்கும் மத்தாப்புக்கும் வெள்ளை ஒளியைக் கொடுக்கிற பொடி.

ஆனால் இந்த வீட்டிலிருந்து யாரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போவதில்லை. மூன்று தீபாவளிக்கு முன்பு, அவள் கணவன் புகழேந்தியின் தங்கை ரோஜா வேலை பார்த்த அறை வெடித்துச் சிதறிய நாளோடு அது நின்றுபோயிற்று. வெடிமருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. அன்று நாலு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்றார்கள். எரிந்து கிடந்ததில் எது யார் என்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை. செருப்போடு அறைக்குள் போகக்கூடாது என்பதால் தூரத்து வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் மட்டும் அப்படியே கிடந்தன. நாலு ஜோடி. அதை வைத்துத்தான் நாலு பேரையும் இறந்தவர்களாக எழுதினார்கள்.

அன்றைக்கே, சாவு வீட்டு வாசலில், மாமியார் கருப்பம்மாள் ஒரு பிடி மண்ணை அள்ளி மகன் கையில் திணித்துச் சத்தியம் வாங்கினாள். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு உசுரு அந்தப் பக்கம் போகாது என்று. புகழேந்தி சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் சேர்ந்தான். மாப்பிள்ளை காலண்டர் அடிக்கிற வேலை பார்க்கிறார் என்று கேட்ட பிறகுதான் வேல்விழியின் அம்மா பெண்ணைக் கொடுத்தாள்.

அப்படியென்றால் இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது?

"ரோஜாதான் வாரா," என்றாள் எதிர்வீட்டுப் பஞ்சம்மாள், ஏதோ ரேஷன் கடை திறந்துவிட்டது என்று சொல்வதுபோல. "அண்ணன் மகள்னா மருமகள்லா. கொஞ்சாம இருப்பாளா? அந்தி நேரம் வீட்டுல தேங்காய் எண்ணெய் வாசம் வருதுன்னு நீயே சொன்னியே. அவ வேலை விட்டு வந்தாலும் அந்த வாசம்தான் அடிக்கும்."

வேல்விழி ரோஜாவைப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த ரோஜா சுவரில் மாலையோடு தொங்குகிறவள்தான். ஆனாலும் கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்த பிறகு அடுப்படிக்குள் போகும்போது முதலில் கையை மட்டும் நீட்டி விளக்கைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் காலை வைக்கிறாள்.

பயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குட்டியின் மூச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. பால் குடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று காம்பை விட்டுவிட்டு வாயைத் திறந்து காற்றைத் தேடும். நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கிடந்து உறுமுவதுபோலச் சத்தம் வரும். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வரும். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை வந்தால் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஜெனிட்டா நர்ஸ். வேலைக்குப் போய் வருகிற வழியில் குட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் நுழைவாள். அன்று காலை அவள் வெறுங்கையோடு வரவில்லை. பூசணிக்காய் பருமனில் ஒரு மஞ்சள் மிஷினை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மிஷினுக்கு ஒரு நீளக் குழாய், குழாய் முனையில் ஒரு மூக்கு.

"என்னக்கா இது, யானைக்குட்டியா?"

"ஸ்டீம் கிளீனர். அண்ணன் மஸ்கட்ல இருந்து கொண்டாந்தது. நீ பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவுற வாசத்துக்கே பிள்ளைக்கு இளைப்பு கூடுது. இது வெறும் தண்ணி. கொதிக்க வச்சு ஆவியா அடிக்கும். வீட்டுல எங்கனயோ தூசி அடைஞ்சு கெடக்கு வேலு. அதை எடுக்காம எத்தனை சொட்டு மருந்து ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாது."

சொல்லிக்கொண்டே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மூடியைத் திருகினாள். ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பச்சை வர்ற வரைக்கும் சும்மா இரு. முதல்ல தண்ணியாத்தான் துப்பும், அதைப் பழந்துணியில விட்ரு. ஸ்விட்ச் போர்டுப் பக்கம் போகாத. வெள்ளை அடிச்ச சுவத்துல காட்டாத, உரிச்சுப்புடும். தண்ணி தீந்துட்டா சூடு ஆறாம மூடியைத் திறக்காத, முகத்துல அடிக்கும்."

"இம்புட்டு இருக்கா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. ஆவி அழுக்கை இளக்கித்தான் விடும். எடுக்காது. எடுக்கிறது துணி. ஒரு கையில மூக்கு, ஒரு கையில துணி. துடைச்சுக்கிட்டே போகணும். ஈரம் காயுற வரைக்கும் பிள்ளை என் வீட்டுல இருக்கட்டும். இன்னைக்கு எனக்கு லீவுதான்."

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

புகழேந்தி விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். கருப்பம்மாளும் வீட்டில் இல்லை. வெம்பக்கோட்டையில் சொந்தக்காரப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று முதல் பஸ்ஸுக்கே போயிருந்தாள்.

வேல்விழி குளியலறையில் தொடங்கினாள். மூக்கை அழுத்தியதும் உஸ்ஸென்று வெள்ளைப் புகை சீறிற்று. ஓடுகளுக்கு நடுவே கறுத்துக் கிடந்த கோடுகள் வெளுத்தன. உப்புத் தண்ணீர்க் கறை இளகி வழிந்தது. அவளுக்கு உற்சாகமாக இருந்தது. இத்தனை நாளும் தேங்காய் நாரைப் போட்டு முழங்கை வலிக்கத் தேய்த்தது எல்லாம் வீண் என்று தோன்றியது.

குழாய்த் திருகில் ஆவியைக் காட்டித் துணியால் துடைத்தாள்.

துணி வெள்ளியாக வந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேடித் தேடிப் போனாள். பின்கதவின் மேல் தாழ்ப்பாளில் இருந்தது. தொட்டில் மாட்டுகிற உத்தரத்துக் கொக்கியில், முக்காலி போட்டு ஏறித் துடைத்தபோது, இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக் கிடந்தது எல்லாம் ஆவி பட்டதும் இளகி, ஒவ்வொரு விரல் தடமாகத் துணிக்கு வந்தது. யாரோ ஒருவர் வெள்ளிக் கையோடு இந்த வீட்டுக்குள் நடமாடுகிறார். தாழ்ப்பாள் போடுகிறார். தொட்டில் கட்டுகிறார்.

துணியைப் பிழிய அடுப்படிக்குப் போனாள்.

அப்போதுதான் அடுப்படி ஆணியில் சாவியைப் பார்த்தாள்.

ரோஜாவின் அறைச் சாவி. எப்போதும் கருப்பம்மாளின் முந்தி முடிச்சில் இருப்பது. குளிக்கும்போது ஆணியில் மாட்டியவள் பஸ் அவசரத்தில் மறந்துவிட்டிருக்க வேண்டும். தினமும் காலையில் கருப்பம்மாள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து சரசரவென்று ஒரு சத்தம் மட்டும் வரும். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். அந்த அறையைப் பெருக்க மருமகளை ஒரு நாளும் விட்டதில்லை.

வீட்டுல எங்கனயோ தூசி அடைஞ்சு கெடக்கு.

வேல்விழி மிஷினில் இன்னொரு முறை தண்ணீர் நிரப்பினாள். சாவியை எடுத்தாள்.

கதவைத் திறந்ததும் ஆள் இருக்கிற அறைக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்டதுபோல இருந்தது. கட்டில். இரும்பு பீரோ. பீரோ கண்ணாடியின் ஓரம் முழுக்க ஒட்டுப்பொட்டுகள், நிறம் போய், தூசி படிந்து. ஜன்னல் விளிம்பில் ஒரு சோப்புப் பெட்டி. அதற்குள் ஹேர்பின்கள், ஊக்கு, ஒரு ஜோடி கொலுசு. கம்பெனிக்குள் இரும்பும் வெள்ளியும் உடம்பில் இருக்கக்கூடாது, உரசினால் பொறி. வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் காலையில் இப்படித்தான் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். ரோஜா அன்று காலையும் கழற்றி வைத்திருக்கிறாள். சாயங்காலம் வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று.

"ரோஜா, கோவிச்சுக்காத," என்றாள் வேல்விழி, வாய்விட்டே. "பிள்ளைக்காகத்தான்."

கண்ணாடியில் ஆவியைக் காட்டினாள். அவள் முகம் மறைந்தது. வெளுத்த கண்ணாடியில் மெல்ல ஓர் உள்ளங்கை எழுந்தது. ஐந்து விரலும் தெளிவாக. பீரோவை மூடும்போது தினமும் ஒரே இடத்தில் கை வைத்து அழுத்தி அழுத்தி ஏறிய எண்ணெய்த் தடம். வேல்விழி தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்க நினைத்து, வைக்காமல், துணியால் துடைத்தாள். இரண்டு பொட்டுகள் பசை இளகி உதிர்ந்தன. துணி கறுப்பாக வந்தது. சாதாரண வீட்டுத் தூசி.

பீரோவின் கீழ்த் தட்டில் அது கிடைத்தது.

உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்த ஆண்பிள்ளைச் சட்டை. புடவைக்கு மேல் அண்ணன் தம்பியின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பெண்கள் மருந்து வேலை பார்ப்பார்கள். சட்டையின் கை, நெஞ்சு, காலர் எல்லாம் வெள்ளி. முந்தின நாள் கழற்றிப் போட்டதாக இருக்கும், துவைக்காத சட்டை.

எல்லாம் விளங்கிவிட்டது வேல்விழிக்கு. காலையில் வரும் சரசரப்பு இந்தப் பையின் சத்தம். அத்தை இதை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, அதே கையோடு வந்து குட்டியைத் தூக்குகிறாள். தாழ்ப்பாளிலும் தொட்டிலிலும் அந்தக் கைதான்.

அவளுக்குக் கோபம் வந்தது. பேயாவது தெரியாமல் செய்யும். சொந்தப் பாட்டியே, பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இப்படிச் செய்யலாமா?

பையைப் பீரோவிலேயே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் மண்டி போட்டு உட்கார்ந்து பலகை இடுக்குகளுக்கு ஆவி அடிக்கத் தொடங்கினாள். அழுக்கைவிடக் கோபம்தான் அதிகம் வெளியே வந்தது. அறை முழுக்க வெள்ளையாயிற்று. ஜன்னல் வழியே புகை தெருவுக்குப் போனது.

திடீரென்று இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றின.

"ஓடுத்தா. ரோஜா, ஓடு. திரும்பிப் பாக்காத."

வேல்விழியைத் தூக்கிய கைகளில் அறுபது வயது இல்லை. அவளைச் சுவரோரமாக இழுத்து, வாசற்படியைத் தாண்டி, தெருப் புழுதியில் தள்ளி, அதன் பிறகும் விடாமல் இழுத்துக்கொண்டே கருப்பம்மாள் ஓடினாள். "மருந்து சீறுது. எல்லாரும் ஓடுங்க."

அந்தத் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டு என்ன, ஏன் என்று கேட்கிறவர் இல்லை. சீறும் சத்தமும் வெள்ளைப் புகையும் எதற்கு முந்தியது என்று எல்லோருக்கும் தெரியும். பஞ்சம்மாள் தாளித்த கரண்டியோடு ஓடினாள். கடைசி வீட்டுச் சோணைமுத்து பாதிச் சவரத்தோடு ஓடினார். என்ன சத்தம் என்று தெரிந்த ஜெனிட்டா மட்டும் குட்டியோடு உள்ளேயே இருந்துவிட்டாள். ஓடுகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது கம்பெனியில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். ஒருவரும் திரும்பவில்லை. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெடிக்கவில்லை.

"என்ன, நமத்துப் போச்சா?" என்றார் சோணைமுத்து, நுரைக் கன்னத்தோடு.

"அத்தை, அது மிஷின். ஜெனிட்டாக்கா குடுத்த மிஷின். வெறும் தண்ணி."

"என்ன மிஷினு?"

"வீடு தொடைக்கிறது. தண்ணி கொதிச்சு ஆவி அடிக்கும்."

பிறகு பஞ்சம்மாள் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "அப்ப இட்லிச் சட்டிக்குப் பயந்தா இம்புட்டுத் தூரம் ஓடியாந்தோம்? என் கடுகு கருகியிருக்கும்."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தவர்கள் தெருவைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள் கிடந்தன. ஓடிய வேகத்தில் ஒருவரும் மாட்டிக்கொள்ளவில்லை. வெயிலில், வரிசையாக, ஜோடி ஜோடியாக, உள்ளே ஆள் இருப்பதுபோல.

கருப்பம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவள் கை இன்னும் வேல்விழியின் மணிக்கட்டை விடவில்லை.

"பாதி வழி போயிட்டேன். சாவி ஞாபகம் வந்துச்சு. எறங்கி அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன்," என்றாள். திட்டவில்லை.

திட்டியிருந்தால் வேல்விழிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தாள். தன்னைக் காப்பாற்றத் தீக்குள் ஓடிவந்தவளிடம் இதை எப்படிக் கேட்பது? ஆனால் கேட்காவிட்டால் குட்டிக்கு?

"அத்தை, பீரோவுல அந்தச் சட்டையைப் பாத்தேன்."

கருப்பம்மாள் நிமிர்ந்தாள். "தொட்டியா?"

"பையை எடுத்தேன். திறக்கல. நீங்க தெனமும் அதை எடுத்துட்டு அந்தக் கையோட குட்டியைத் தூக்குறீக. அந்தத் தூள்தான் அத்தை அவ கன்னத்துல இருக்கு. அதுதான் நெஞ்சுலயும் இருக்கு."

கருப்பம்மாள் எழுந்து உள்ளே போனாள். பையை எடுத்துவந்து வேல்விழியின் மடியில் வைத்தாள்.

"இதுக்கு வாய் எங்கன இருக்கு பாரு."

வேல்விழி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் இல்லை. மத்தாப்புப் பாக்கெட்டை ஒட்டுவதுபோல மெழுகுவத்தியில் காட்டி, உருக்கி, விளிம்பு முழுக்க ஒட்டியிருந்தது. எங்கும் ஒரு பிசிறு விலகவில்லை.

"காரியம் முடிஞ்ச அன்னைக்கு ஒட்டுனேன். அதுக்கப்புறம் திறக்கல. திறந்தா அவ வேர்வை வாசம் போயிரும்லா. சும்மா மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அம்புட்டுதான்." கருப்பம்மாள் தன் கைகளை விரித்துக் காட்டினாள். "என் பேத்தி மூச்சு எனக்குக் கேக்காதா தாயி? அவ மூச்சு இழுக்கும்போது நானும்தான் கூட இழுக்கேன்."

வேல்விழிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. "மன்னிச்சிருங்கத்தை."

"விடு." கருப்பம்மாள் பையைத் தடவிக்கொண்டே சொன்னாள். இதுவரை மகளைப் பற்றி மருமகளிடம் அவள் பேசியதே இல்லை. "இந்தத் தூள் லேசுல போகாது. சோப்புக்கு மசியாது. வந்ததும் கைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ஊறவச்சுத்தான் கழுவுவா. அப்படிக் கழுவுனாலும் காது மடலுக்குப் பின்னால மட்டும் நிக்கும். அவளுக்குத் தெரியாது. நாந்தான் சாயங்காலம் குனியச் சொல்லித் துடைச்சு விடுவேன். கூச்சத்துல நெளிவா."

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

ரோஜாவின் அறையில் துணி கறுப்பாகத்தான் வந்தது. வெள்ளி வந்தது குளியலறைக் குழாயில். பின்கதவின் மேல் தாழ்ப்பாளில். உத்தரத்துக் கொக்கியில், இவள் முக்காலி போட்டு ஏறிய உயரத்தில். அந்தி நேரத்துத் தேங்காய் எண்ணெய். குட்டியின் இடது கன்னம், காதோரம்.

உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்காகக் காத்திருந்தாள்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு வீடு முழுக்கக் காய்ந்த பிறகு ஜெனிட்டா குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பகல் பூரா இளைக்கல வேலு," என்றாள். "எங்க வீட்டுல நல்லாத் தூங்குனா."

அந்தச் சந்தோஷச் செய்தி வேல்விழியின் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புகழேந்தியின் பைக் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போனான். கொஞ்ச காலமாக இப்படித்தான். வேலைச் சட்டையைப் பையில் கொண்டுபோய்ப் பையிலேயே கொண்டுவருவான். 'மைக் கறை ஒட்டும், நானே அலசிக்கிறேன்' என்பான். எவ்வளவு நல்ல கணவன் என்று அவள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். முன்பெல்லாம் அவன் நகக்கண்ணில் சிவப்பும் நீலமுமாக மை இருக்கும். அது எப்போது இல்லாமல் போயிற்று? அவளுக்கு நினைவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் கூடத்துக்கு வந்தது.

"என்ன, வீடே பளபளங்குது? கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படி இல்லையே." சிரித்துக்கொண்டே வந்தவன் கைகளை நீட்டினான். "குட்டியைத் தா. தோள்ல போட்டுத் தூங்க வைக்கேன்."

"மொதல்ல குனிங்க."

"எதுக்கு?"

"காதுல மை."

அவன் குனிந்தான். அவள் பக்கம் வந்தது அவன் எப்போதும் குட்டியைச் சாய்த்துக்கொள்கிற தோள். வேல்விழி வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் காது மடலுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை துடைத்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த கருப்பம்மாளின் கை நின்றது.

"அந்தத் துணியை இங்கன கொண்டா," என்றாள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்தாள். விரலால் தொட்டு, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ரோஜாவின் பையைக் கொண்டுவந்து மகன் காலடியில் வைத்தாள்.

"இதுவும் உன் சட்டைதான் புகழு. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போ."

புகழேந்தி சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், குட்டியின் பக்கம் மறுபடி கை நீட்டினான்.

"அவளைத் தொடாதீக," என்றாள் வேல்விழி.

"வேலு..."

"தொடாதீக. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில இவ மூச்சுக்குத் தவிச்சப்ப நீங்களும் பக்கத்துலதான் நின்னீக. அப்பக்கூட உங்களுக்குத் தோணலையா?"

"கையை நல்லாக் கழுவிட்டுத்தானே வாரேன். தெரியல வேலு. சத்தியமாத் தெரியல."

"சத்தியத்தைப் பத்திப் பேசாதலே," என்றாள் கருப்பம்மாள். குரல் உயரவில்லை. "எப்ப இருந்து போற?"

"சீசன் தொடங்குனதுல இருந்து."

"கூலி பத்தலையா?"

"கூலிக்குப் போகலம்மா." அவன் பையின்மேல் கை வைத்தான். "அந்தக் கம்பெனியைப் பேரை மாத்தித் திறந்துட்டாக. அங்கனதான் போறேன். உள்ள ஆளாப் போனாத்தான் பேசுவாக."

"என்ன பேசுவாக?"

அவன் வேல்விழியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மரத்தடியில செருப்பு நாலு ஜோடி கெடந்துச்சுல்லம்மா. அதனால நாலு பேருன்னாக. ஆனா செத்தது மூணு பேருங்காக."

வேல்விழியின் தோளில் குட்டியின் மூச்சு மட்டும் கேட்டது. எண்ணெய் வாசம் கூடத்தில் பரவப் பரவ, அந்த மூச்சின் அடியில் பூனைக்குட்டி மெல்ல விழித்துக்கொண்டது.

யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. குட்டியை அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்புகள் கிடந்தன. அவனுடையது, அத்தையுடையது, அவளுடையது. காலை நுழைக்கப் போனவள், மரத்தடியில் கிடந்த நாலு ஜோடியை நினைத்து நிறுத்திக்கொண்டாள். வெறுங்காலோடு இறங்கி, ஜெனிட்டா வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள்.

பின்னால், வீட்டுக்குள், அத்தை அந்தப் பிளாஸ்டிக் பையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.